அம்மா, மகனோடு ஜப்பானில் 11 இரவு: எந்த ஊரை வைப்பது, எதை விடுவது?

#1 காவேரிக்கரை

வணக்கம். நவம்பர் மூன்றாம் வாரம் ஜப்பான் கிளம்புகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், என் அம்மா. அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடந்துவிடுவார். படி என்றால் கைப்பிடி வேண்டும். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்பா போன பிறகு ஊரை விட்டு எங்கும் வராதவர், பேரன் கெஞ்சியதற்காகச் சரி என்றிருக்கிறார். அவருக்கு இந்தப் பயணம் நல்லபடியாக அமைய வேண்டுமே என்பதுதான் எனக்குக் கவலை.

மொத்தம் 11 இரவு. டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து திரும்புகிறோம், விமான டிக்கெட் எடுத்தாயிற்று. நான் போட்டு வைத்திருப்பது இது: டோக்கியோ 3 இரவு, ஹகோனே 1, டகயாமா 1, கனசாவா 1, கியோத்தோ 2, ஹிரோஷிமா 1, ஒசாகா 2. நாராவை கியோத்தோவிலிருந்து அரை நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

இது சரியாக வருமா? நாடு முழுக்க ரயிலில் போக உதவும் ஜேஆர் பாஸ் எடுக்கலாமா? ஹிரோஷிமா அணுகுண்டு அருங்காட்சியகத்துக்கு ஒன்பது வயதுப் பையனை அழைத்துப் போகலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தெம்பனிஸ்வாசி

திட்டம் நல்லாதான் இருக்கு. நாங்க சிங்கப்பூரிலிருந்து போனபோது 10 நாளில் ஏழு ஊர் பார்த்தோம். அங்கே ரயில் சொன்ன நிமிஷத்தில் வரும், ஒன்றுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் சீக்கிரம் கிளம்பிப் பழகிவிட்டால் எல்லாமே முடியும். இவ்வளவு செலவு பண்ணிப் போகிறோம், கனசாவாவின் கென்ரோகுஎன் தோட்டத்தை எப்படி விட முடியும்? பாஸ் கண்டிப்பாக எடுங்க, நாங்க எடுத்து நல்ல லாபம். ஒசாகாவுக்கு இரண்டு இரவு கட்டாயம் வேண்டும். பையனுக்கு அந்த ஊர்தான் பிடிக்கும்.

#3 நிஷிகசாய்வாசி

காவேரிக்கரை, நான் டோக்கியோவில் 11 வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், நண்பர்களின் பெற்றோர் என்று பலரையும் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். தெம்பனிஸ்வாசி கோபித்துக்கொள்ளக் கூடாது. முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு இந்தத் திட்டம் ஆகாது.

ரயில் நிமிஷம் தவறாமல் வரும் என்பது உண்மை. நேரம் போவது ரயிலில் அல்ல. காலையில் பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், நிலையத்தில் லிஃப்ட் எந்த மூலையில் இருக்கிறது என்று தேட வேண்டும். லிஃப்ட் பெரும்பாலான நிலையங்களில் இருக்கும். ஆனால் பத்து வாசல் உள்ள நிலையத்தில் அது ஒரு வாசலில்தான் இருக்கும், அங்கே போய்ச் சேரவே பத்து நிமிடம் நடக்க வேண்டும். அடுத்த ஊரில் இறங்கினால் ஹோட்டலில் மூன்று மணிக்கு முன் பெரும்பாலும் அறை தரமாட்டார்கள். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் அரை நாள் போய்விடும். உங்கள் திட்டத்தில் ஆறு மாற்றம், அதாவது மூன்று முழு நாள்.

அதோடு நவம்பர் கடைசி. டோக்கியோவில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும், கியோத்தோவிலும் ஐந்துக்குள் இருட்டு. பெரும்பாலான கோயில்கள் நாலரை, ஐந்துக்கு மூடிவிடும். மதியம் இரண்டு மணிக்கு ஓர் ஊரில் போய் இறங்கினால் அன்றைக்குப் பார்க்க எதுவும் மிஞ்சாது. நம் ஊர் பகலை மனதில் வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான்.

என் கணக்கு: டோக்கியோ 4, கியோத்தோ 5, ஹிரோஷிமா 1, ஒசாகா 1. டகயாமா, கனசாவா, ஹகோனே மூன்றையும் விட்டுவிடுங்கள். மூன்றும் அழகான ஊர்கள். ஆனால் ஒரே இரவில் பார்த்துவிட்டு ஓட வேண்டியவை அல்ல.

பாஸ் விஷயம். ஏழு நாள் ஜேஆர் பாஸ் 29,650 யென்னாக இருந்தது 2023 அக்டோபரில் ஒரே அடியாக 50,000 ஆகிவிட்டது. தெம்பனிஸ்வாசி அதற்கு முன்னால் போயிருப்பார், அப்போது லாபம்தான். இப்போது பாருங்கள்: டோக்கியோ முதல் கியோத்தோ வரை ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒருவருக்குச் சுமார் 14,000 யென். அதைத் தனியாக வாங்கிக்கொண்டு, கடைசி நாட்களுக்கு ஜேஆர் வெஸ்ட் விற்கும் கன்சாய்-ஹிரோஷிமா பாஸ் எடுங்கள். தொடர்ந்து ஐந்து நாள் செல்லும், நான் கடைசியாக நண்பருக்கு வாங்கித் தந்தபோது 17,000 யென். நாரா, ஒசாகாவின் அதிவேக ரயில் நிலையமான ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா போக வர, ஹிரோஷிமா பக்கத்துத் தீவான மியாஜிமாவுக்குப் படகு, கன்சாய் விமான நிலையம் போகும் ஹருகா ரயில் எல்லாம் அதில் அடங்கும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், கியோத்தோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் இடையில் ஷிங்கான்சென் இந்த பாஸில் வராது. சாதாரண விரைவு ரயிலில் அரை மணி நேரம், அதில் போய் மாறிக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டினாலும் 31,000தான். பையனுக்கு எல்லாவற்றிலும் பாதி.

#4 நொய்யல்

அண்ணா சொல்றதை அப்படியே வழிமொழிகிறேனுங்க. நாங்க போன வருசம் மாமியாரைக் கூட்டிட்டுப் போனோம். நாலாவது நாள் காலையில கால் வீங்கி, அறையை விட்டு வர முடியலீங்க. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது, நாலு நாளும் நாங்க பார்க்கிற இடத்துக்கு அவங்களை இழுத்துட்டுப் போயிருக்கோம்னு. அப்புறம் ஒரு நாளைக்கு ஓர் இடம், மதியம் அறைக்கு வந்து படுக்கிறது, சாயங்காலம் கொஞ்சம் வெளியே போறதுன்னு மாத்திக்கிட்டோம். அதுக்கப்புறம்தான் அவங்க முகத்துல சிரிப்பே வந்தது.

சாப்பாடு பத்தி நீங்க கேட்கவே இல்லை, அதைத்தான் முதல்ல யோசிக்கணுமுங்க. அங்கே காய்கறின்னு சொல்லித் தர்ற எதுலயும் தாஷி இருக்கும். கட்சுவோ மீனைக் காயவெச்சுச் சீவி எடுக்கிற சாறு அது. மிசோ சூப், உதோன் நூடுல்ஸ், காய் வேகவெச்ச கூட்டு மாதிரி ஒண்ணு, எல்லாத்துக்கும் அடிப்படை அதுதான். காய்கறி டெம்புராவுல மாவுல முட்டை சேரும். இனாரிசூஷின்னு பார்க்க நம்ம போண்டா மாதிரி அழகா இருக்கும், சோத்தைச் சுத்தி இருக்கிற பொரிச்ச டோஃபுப் பையையும் தாஷியிலதான் வேகவெப்பாங்க. "சைவம்"னு மட்டும் சொன்னா அவங்களுக்குப் புரியறது கறி இல்லைன்னு மட்டும்தான். "நிக்கு, சகனா, தமாகோ, தாஷி"ன்னு நாலையும் சொல்லி, வேண்டாம்னு கை காட்டணும். கறி, மீன், முட்டை, மீன் சாறு. ஜப்பானிய எழுத்துல ஒரு அட்டையில எழுதி வெச்சுக்குங்க.

எங்களைக் காப்பாத்துனது தயிர்சாதமுங்க. சூப்பர்மார்க்கெட்ல வெந்த சோறு சின்னப் பெட்டியில வரும், மைக்ரோவேவ்ல ரெண்டு நிமிசம். அந்த அரிசி ஒட்டும், தயிர்சாதத்துக்கு அதுதான் நல்லது. இனிப்பில்லாத தயிர் 400 கிராம் டப்பாவுல கிடைக்கும், "ப்ளேன்"னு பார்த்து வாங்குங்க. மைக்ரோவேவ் அறையில இல்லாட்டி ஹோட்டல்ல பொதுவா ஒண்ணு வெச்சிருப்பாங்க. ஊறுகாய், பருப்புப்பொடி வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போங்க. கருவேப்பிலை பச்சையா மட்டும் கொண்டு போகாதீங்க, செடி இலை எதுக்கும் சான்று கேட்பாங்க, இல்லாட்டிப் பறிமுதல்.

நவம்பர்ல சூப்பர்மார்க்கெட் வாசல்லயே சுட்ட சக்கரவள்ளிக்கிழங்கு சூடா வெச்சிருப்பாங்க. யாகி இமோன்னு பேரு. மாமியார் தினம் ஒண்ணு சாப்பிட்டாங்க.

#5 காவேரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. கனசாவாவை விடச் சொன்னதும் மனது கொஞ்சம் கனத்தது, ஆறு மாதமாக அதன் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நொய்யல் எழுதியதைப் படித்ததும் முடிவெடுத்துவிட்டேன். அண்ணா சொன்ன 4, 5, 1, 1தான்.

அம்மாவிடம் "என்ன பார்க்கணும்?" என்று கேட்டேன். "கோயிலுக்குப் போகணும். அங்கே நம்ம சாமி இருக்குமா?" என்கிறார். என்ன பதில் சொல்ல?

#6 நிஷிகசாய்வாசி

இருக்கிறது என்று சொல்லுங்கள். பிள்ளையாரிலிருந்தே தொடங்கலாம்.

டோக்கியோவில் அசகுசா பக்கம் தங்குங்கள். நரிதா, ஹனேதா இரண்டு விமான நிலையத்திலிருந்தும் மாறாமல் ஒரே ரயிலில் வந்து இறங்கலாம், ஷின்ஜுகு நிலையத்தின் நெரிசல் அம்மாவுக்கு வேண்டாம். செஞ்சோஜி கோயில் பக்கத்திலேயே. பத்து மணிக்குப் போனால் கடைத்தெருவில் தோளோடு தோள் இடிக்கும். காலை ஆறரைக்குப் போங்கள், குளிர்காலத்தில் அப்போதுதான் பிரதான மண்டபம் திறக்கும். கடைகள் மூடியிருக்கும், அந்தப் பெரிய சிவப்பு விளக்கின் கீழே நீங்கள் நாலு பேரும், நாயோடு நடக்கும் உள்ளூர்ப் பெரியவர் ஓரிருவரும்தான் இருப்பீர்கள்.

அங்கிருந்து ஆற்றை ஒட்டி நடந்தால் பத்து நிமிடத்தில் மட்சுச்சியாமா ஷோதென் என்று ஒரு சிறு குன்றுக் கோயில். அங்கே இருப்பவர் கங்கிதென். நம் விநாயகர் பௌத்தத்தோடு சீனா வழியாக வந்து இங்கே அந்தப் பெயரில் குடியிருக்கிறார். திருவுருவத்தை யாருக்கும் காட்ட மாட்டார்கள், மூடிய சந்நிதிதான். படையல் என்ன தெரியுமா? முள்ளங்கி. கோயிலிலேயே வெள்ளை முள்ளங்கி விற்பார்கள், வாங்கி வைத்துக் கும்பிடலாம். சுவர், தூண் எங்கும் முள்ளங்கியும் சுருக்குப் பையும் செதுக்கியிருக்கும். என் அம்மா வந்தபோது கொழுக்கட்டை இல்லையே என்று வருத்தப்பட்டு, பிறகு முள்ளங்கியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். குன்று ஏற முடியாதவர்களுக்காக ஒரு சின்னத் தண்டவாள வண்டி இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் மேலே கொண்டுபோய் விடும். காசு கிடையாது.

உவேனோ பூங்காக் குளத்தின் நடுவில் பென்சாய்தென் கோயில் இருக்கிறது. வீணைக்குப் பதில் பிவா என்ற வாத்தியத்தோடுதான் பென்சாய்தென்னைப் பெரும்பாலும் இங்கே காட்டுவார்கள், மற்றபடி சரஸ்வதிதான். வழி முழுக்கச் சமதரை.

பையனுக்கு உயரமான கட்டிடம் வேண்டுமென்றால் ஸ்கைட்ரீ 634 மீட்டர், நுழைவுக் கட்டணம் உண்டு. நான் விருந்தினரைக் கூட்டிப் போவது ஷின்ஜுகுவில் உள்ள டோக்கியோ மாநகர அரசுக் கட்டிடத்துக்கு. 45-ஆம் மாடி, 202 மீட்டர் உயரம், இலவசம். காற்று தெளிவாக இருக்கும் காலையில் ஃபூஜி மலை தெரியும்.

இட்லி, தோசைக்கு ஏங்கினால் எங்கள் நிஷிகசாய் வாருங்கள், தோசாய் மெட்ரோ பாதை. எதோகவா வார்டில் இந்தியக் குடும்பங்கள் நிறைய, தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கும். டோக்கியோ நிலையத்தில் நுழைவாயிலுக்கு உள்ளேயே டீஸ் தன்தன் என்றொரு கடை, முழுக்கத் தாவர உணவு ராமென் நூடுல்ஸ். அம்மா துணிந்து சாப்பிடலாம்.

#7 வடமராட்சியான்

தங்கச்சி, ஹிரோஷிமா பற்றிக் கேட்டிருந்தீங்கள். ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை, அதுதான் எழுதுறன்.

நான் அம்மாவோடயும் ரெண்டு பிள்ளைகளோடயும் போனனான். மகளுக்கு 13, மகனுக்கு 10. அருங்காட்சியகத்துக்கு உள்ளே போறதோ இல்லையோ எண்டதை மகனிட்டயே கேளுங்கோ. உள்ளே என்ன இருக்குது எண்டு முதலே சொல்லிப்போட்டுக் கேளுங்கோ. ஒரு மூண்டு வயதுப் பிள்ளை ஓட்டித் திரிஞ்ச மூண்டு சக்கர சைக்கிள் இருக்குது. பள்ளிக்கூடப் பிள்ளையின்ர சாப்பாட்டுப் பெட்டி ஒண்டு, உள்ளுக்குச் சாப்பாடு கரியாய் அப்பிடியே கிடக்குது. எரிஞ்ச ஆக்களின்ர படங்களும் இருக்குது. என்ர மகள் முழுதும் பாத்தவள். மகன் பாதியில வெளியில போவம் எண்டான், கூட்டிக்கொண்டு வந்திட்டன். அதில ஒரு பிழையும் இல்லை. பெரியாக்களுக்கு 200 யென், சின்னப் பிள்ளைகளுக்குக் காசில்லை, அதால இடையில வெளியில வந்தாலும் நட்டம் எண்டு நினையாதேங்கோ.

அம்மா உள்ளே வரவே இல்லை. "நான் இதெல்லாம் பாத்திட்டன் தம்பி" எண்டு மட்டும் சொன்னா. எங்கட வீடு இருந்த இடம் எனக்குத் தெரியும், அதுக்குப் பிறகு நான் கேக்கேல்லை. வெளியில ஒரு மரம் நிக்குது, அவோகிரி எண்டு பேர். குண்டு விழுந்த இடத்திலயிருந்து 1.3 கிலோமீற்றரில ஒரு அலுவலக முற்றத்தில நிண்ட மரம். ஒரு பக்கம் முழுக்க எரிஞ்சும் அடுத்த வருசம் துளிர் விட்டது. 1973இல கொண்டுவந்து பூங்காவில நட்டிருக்கிறாங்கள். எரிஞ்ச பக்கம் இப்பவும் குழிஞ்சுபோய்த்தான் கிடக்குது. நாங்கள் வெளியில வரேக்க அம்மா அந்த மரத்தடியில இருந்தா. ஒண்டரை மணித்தியாலம் அதிலயே இருந்திருக்கிறா.

1945 ஓகஸ்ட் 6 காலை 8:15க்கு விழுந்தது. மூண்டாம் நாள், ஒன்பதாம் தேதி, ஒரு துண்டுப் பாதையில ட்ராம் திரும்ப ஓடினது. இப்பவும் அந்த ஊரில ட்ராமிலதான் எல்லாரும் போறாங்கள். அம்மாவுக்கும் அது லேசு.

மகனுக்கு ஒரு வேலை குடுங்கோ. சிறுவர் சமாதானச் சின்னம் எண்டு ஒண்டு 1958இல கட்டினது. சடாகோ சசாகி எண்ட பிள்ளைக்குக் குண்டு விழேக்க ரெண்டு வயது. பத்து வருசத்தால இரத்தப் புற்றுநோய் வந்து 12 வயதில செத்துப்போனா. ஆசுப்பத்திரியில இருந்து காகிதக் கொக்கு மடிச்ச பிள்ளை. உலகம் முழுக்க இருந்து வருசத்துக்கு ஒரு கோடி கொக்கு மட்டில அந்த இடத்துக்கு வருதாம். ஊரிலயிருந்தே மகன் கொக்கு மடிச்சுக்கொண்டு வரட்டும். தன்ர கையால அங்கே தூக்கட்டும். உள்ளே போகாட்டிலும் அவனுக்கு அந்த ஊரில ஒரு அலுவல் இருந்ததாய் இருக்கும்.

ஒரு இரவு நிண்டு போங்கோ. பகலில வந்து பகலில திரும்புறது அந்த ஊருக்குச் சரியில்லை. இரவில பூங்காவில அந்த அணையாத தீ எரியிறதைப் பாக்கவேணும். 1964இல ஏத்தினது, உலகத்தில அணுகுண்டு முழுதும் ஒழியிற அண்டைக்குத்தான் அணைப்பாங்களாம்.

#8 நொய்யல்

வடமராட்சியான் அண்ணா, இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியலீங்க. அம்மாவை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க.

#9 தெம்பனிஸ்வாசி

நானும் படித்தேன். நாங்க ஹிரோஷிமாவை இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு மியாஜிமாவுக்கு ஓடினோம். நிஷிகசாய்வாசி சொன்னதில் நியாயம் இருக்கு, நாங்க போனது நாலு பேரும் முப்பது வயதுக்காரங்க, 2019-இல். பாஸ் விலையும் அப்போ வேற.

ஆனால் ஒசாகாவை ஒரு இரவோடு நிறுத்தினாலும், அந்த இரவை நல்லா செலவழிங்க. மற்ற ஊரில் மூன்று நாள் இருந்தும் நம்மிடம் யாரும் தானாகப் பேசவில்லை. ஒசாகாவில் கடைக்காரர் நம்மைப் பிடித்து வைத்துப் பேசுவார், எந்த ஊர், என்ன பெயர், பையன் என்ன படிக்கிறான் என்று. தோதோன்போரி கால்வாய்க்கரையில் ராத்திரி எட்டு மணிக்கு நடந்து பாருங்க. இன்னொன்று: டோக்கியோவில் எஸ்கலேட்டரில் இடது பக்கம் ஒதுங்கி நிற்பாங்க, ஒசாகாவில் வலது பக்கம். பையனிடம் முதலே சொல்லாதீங்க, அவனே கண்டுபிடிக்கட்டும்.

#10 நொய்யல்

கியோத்தோவுக்கு நான் சொல்றேனுங்க, அஞ்சு இரவு இருந்தோம்.

முதல்ல பஸ். இலையெல்லாம் சிவக்கிற பருவம், வருசத்துலயே அதிகக் கூட்டம் அப்பத்தான். பஸ்ல ஏறவே முடியாது. பஸ்ஸுக்கு மட்டும் இருந்த ஒரு நாள் பாஸை நிறுத்திட்டாங்க, பழைய வலைப்பதிவைப் பார்த்துட்டு அதைத் தேடாதீங்க. பெரியவங்களுக்கு ஒரு தடவைக்கு 230 யென். நாலு பேர்னா 800 தாண்டிடும், பக்கத்து இடத்துக்கு டாக்சியே கிட்டத்தட்ட அந்த விலைதானுங்க. நாங்க தயங்காம டாக்சி பிடிச்சோம். கதவு தானாத் திறக்கும், தானா மூடும், நீங்க தொடாதீங்க.

ஃபுஷிமி இனாரிக்கு ஜேஆர் நாரா பாதையில ரெண்டே ஸ்டேஷன். இறங்குனா எதிர்லயே கோயில். ராத்திரி பகல் எப்பவும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. ஆயிரக்கணக்குல சிவப்பு வளைவுகள், மலை உச்சி வரைக்கும் போகும். 233 மீட்டர், மேலே போய் வர ரெண்டு மூணு மணி நேரம். அம்மா உச்சிக்குப் போக வேண்டியதில்லை. வளைவுகள் நெருக்கமா நிக்கிற அந்த முதல் பகுதி கீழேயே இருக்கு, கொஞ்சம் படியும் சரிவும்தான். ஏழு மணிக்கு அங்கே இருங்க. பையனை அப்பாவோட மேலே அனுப்பிட்டு நீங்களும் அம்மாவும் கீழே உட்காருங்க. அங்கங்கே நிக்கிற நரிகள் இனாரி சாமியோட தூதருங்க, வாயில நெற்கதிர், சாவி எல்லாம் கவ்வியிருக்கும்.

கியோமிசுதேரா சரிவு ரொம்பச் செங்குத்து. டாக்சியும் கோயில் வாசல் வரைக்கும் போகாது. மாமியாருக்கு முடியலை, பாதியில திரும்பிட்டோம். உங்க அம்மாவுக்கும் வேண்டாமுங்க.

அதுக்குப் பதிலா சஞ்சூசங்கெந்தோ. இது ஒண்ணுக்காகவே நான் மறுபடி கியோத்தோ போவேன். 1266-ல திரும்பக் கட்டுன மரக்கூடம், 120 மீட்டர் நீளம், முழுக்கச் சமதரை. செருப்பைக் கழட்டிட்டு உள்ளே போனா 1,001 கண்ணோன் சிலைகள் வரிசையா நிக்குது, தங்கப் பூச்சோட. அவலோகிதேஸ்வரர்தான் அங்கே கண்ணோன். நடுவுல உட்கார்ந்த பெரிய சிலையைச் செஞ்ச தங்கெய்ங்கிற சிற்பிக்கு அப்ப வயசு எண்பதுக்கு மேலயாம். 1249-ல நெருப்புப் பிடிச்சப்ப 124 சிலைகளைத்தான் காப்பாத்த முடிஞ்சிருக்கு, மிச்சம் அத்தனையும் திரும்பச் செதுக்கியிருக்காங்க.

இப்ப உங்க அம்மா கேட்டதுக்கு வர்றேன். அந்த ஆயிரம் சிலைக்கு முன்னால காவலுக்கு 28 தெய்வங்கள் நிக்கிறாங்க. பேரைப் படிச்சுட்டே போங்க: நாராயணன், பிரம்மா, இந்திரன், கருடன், கின்னரன், அசுரன், வசு முனிவர். எலும்பும் தோலுமா கோலூன்றி நிக்கிற அந்த முனிவரைப் பார்த்து மாமியார் கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க. படம் எடுக்கக் கூடாது. நவம்பர் பாதிக்கு மேல சீக்கிரம் மூடிடுவாங்க, காலையிலேயே போயிடுங்க.

கியோன்ங்கிற பழைய வட்டாரத்துல சின்னச் சந்துக்குள்ள நுழையாதீங்க. தனியார் சந்துகள்ல சுற்றுலாக்காரங்க போகக் கூடாதுன்னு 2024 ஏப்ரல்ல இருந்து தடை, 10,000 யென் அபராதம்னு பலகை வெச்சிருக்காங்க. கெய்கோ, மைகோன்னு சொல்ற ஆடல் பாடல் கலைப் பொண்ணுங்க வேலைக்குப் போற வழியில மறிச்சு மறிச்சுப் படம் எடுத்ததாலதான் இந்த நிலைமை. பெரிய தெருவுல நடக்கலாம்.

#11 நிஷிகசாய்வாசி

நொய்யல், நன்றாகச் சொன்னீர்கள். நாரா பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். அதை அரை நாளில் முடிக்காமல் ஒரு முழு நாள் கொடுங்கள். தோதைஜி கோயிலின் பெரிய புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். 752-ஆம் ஆண்டு அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறக்கும் புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு வேண்டும் என்று. நம் ஊர்த் தேரோட்டத்தில் வடம் பிடித்த அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பூங்காவில் திரியும் மான்களுக்கு அங்கே விற்கும் பிஸ்கட் மட்டும் கொடுங்கள். கையில் வரைபடம், டிக்கெட் எதுவும் தொங்கக் கூடாது, தின்றுவிடும். ஜேஆர் நாரா நிலையத்திலிருந்து பூங்கா தூரம், டாக்சி பிடியுங்கள்.

பையனுக்குக் கியோத்தோ ரயில்வே அருங்காட்சியகம். பழைய நீராவி எஞ்சினிலிருந்து முதல் ஷிங்கான்சென் வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட நிஜ வண்டிகள். அன்றைக்கு அம்மா அறையில் ஓய்வெடுக்கட்டும்.

#12 காவேரிக்கரை

மகன் இன்றோடு 140 கொக்கு மடித்துவிட்டான். அம்மாவும் கற்றுக்கொண்டு உட்கார்ந்து மடிக்கிறார்.

கடைசியாக இரண்டு கேள்வி. நாலு பெரிய பெட்டியை ரயிலில் எப்படிக் கொண்டு போவது? அம்மாவின் மாத்திரைகளுக்கு ஏதாவது கடிதம் வேண்டுமா?

#13 நிஷிகசாய்வாசி

பெட்டியை நீங்கள் தூக்கவே வேண்டாம். தக்யூபின் என்று ஒரு சேவை, கருப்புப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் படம் போட்ட வண்டி எங்கும் ஓடும். டோக்கியோ ஹோட்டல் வரவேற்பில் கொடுத்தால் மறுநாள் கியோத்தோ ஹோட்டலில் இருக்கும். அளவைப் பொறுத்து ஒரு பெட்டிக்கு 2,000 யென்னுக்கு மேல் ஆகும். கியோத்தோவிலிருந்து பெட்டிகளை நேரே ஒசாகா ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு, ஹிரோஷிமாவுக்கு ஆளுக்கொரு தோள்பையோடு போங்கள். ஒரு நாள் மாற்றுத்துணி, அம்மாவின் மருந்து இரண்டும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

மருந்து: ஒரு மாத அளவுக்குள் இருந்தால் போதும், மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சளிக்கு நம் ஊரில் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கும், 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இங்கே தடை. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் தவிருங்கள்.

கியோத்தோ போகும் ரயிலில் E இருக்கைகளைப் பதிவு செய்யுங்கள். டோக்கியோவிலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரத்தில் வலது பக்கம் ஃபூஜி வரும். ஃபூஜி பார்க்கப் போகும் ஹகோனேயை விட்டதற்கு அது பதிலாக இருக்கட்டும்.

#14 காவேரிக்கரை

திருச்சி வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. இந்த இழையில் எழுதிய ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும்.

அம்மா 11 நாளும் எங்களோடு வந்தார். கால் ஒரு நாள்தான் படுத்தியது, அதுவும் என் தவறு. மூன்றாம் நாள் நான் ஆசைப்பட்டு ஷிபுயா கூட்டிப் போனேன், லிஃப்ட் தேடி இருபது நிமிடம் நடக்க வைத்துவிட்டேன். மறுநாள் முழுக்க அறையில் இருந்தோம். நாலு நாள் தங்கியதால் அதற்கு இடம் இருந்தது. பழைய திட்டமாக இருந்தால் அன்று ஹகோனேவுக்கு ரயில் ஏறியிருப்போம்.

ஃபூஜி மேகத்துக்குள் இருந்தது. மகன் அழுதேவிட்டான். திரும்பும் விமானத்திலிருந்தும் தெரியவில்லை.

தயிர்சாதம் எட்டு வேளை. சக்கரவள்ளிக்கிழங்கு தினமும். ஒரு கடையில் அட்டையைக் காட்டியும் சூப்பில் மீன் சாறு இருந்தது. பரிமாறிய பெண்ணுக்கே பாதியில்தான் தெரிந்து, ஓடி வந்து மன்னிப்புக் கேட்டாள். அம்மா கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அறைக்கு வந்து குளித்துவிட்டுத்தான் படுத்தார்.

ஹிரோஷிமாவில் மகன் உள்ளே வரவில்லை என்று சொன்னான். கணவர் மட்டும் போனார். நாங்கள் மூவரும் 412 கொக்குகளை நூலில் கோத்து எடுத்துப் போயிருந்தோம், அவன்தான் தூக்கி மாட்டினான். பிறகு வடமராட்சியான் அண்ணா சொன்ன மரத்தைத் தேடினோம். குழிந்த பக்கத்தை அம்மா கையால் தொட்டுப் பார்க்கப் போனார், வேலி இருந்ததால் தொடவில்லை. உங்கள் அம்மா இங்கே உட்கார்ந்திருந்தார் என்று சொன்னேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

சஞ்சூசங்கெந்தோவில் ஒன்றேகால் மணி நேரம். ஆயிரம் சிலைகளை ஒரு முறை பார்த்தார், அந்த 28 பேரை மூன்று முறை. நாராயணன் முன்னால் நின்று மெதுவாக ஏதோ சொன்னார், என்னவென்று நான் கேட்கவில்லை. கருடன் அங்கே இறக்கையோடு நின்று புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருக்கிறார். "கருடனுக்கு எதுக்குடி புல்லாங்குழல்? அது கிருஷ்ணன் கையில இருக்க வேண்டியது" என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். நேற்று ஸ்ரீரங்கத்தில் பெரிய கருடாழ்வார் சந்நிதியிலும் அதையேதான் கேட்டார்.

#15 வடமராட்சியான்

அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன் தங்கச்சி. "ஆத்தைப் பாத்த பக்கம் எண்டு சொல்லு" எண்டவா.